முன் சீட்டில் எதிர்ப்பு அதிகம்

போன மாதம் ஒரு புதன்கிழமை. அல்சூர் ஏரிப் பக்கம் சிக்னலில் நின்றுகொண்டிருந்தோம். திடீரென்று எங்கள் கார் டாஷ்போர்டில் ஒரு சிவப்பு மனிதன் வந்து உட்கார்ந்தான்.

பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறான். பெல்ட் போட்டிருக்கிறான். முன்னால் ஒரு பெரிய உருண்டை. பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போகிறவர் மாதிரி...

"அருளு, இன்னாடா இது? வயித்துல பந்து வெச்சிக்கினு ஒருத்தன் உக்காந்துனு இருக்கான்?"

கேட்டது முன் சீட்டில் இருந்த ரோஸி அக்கா. ஓட்டிக்கொண்டிருந்த அருள் என் கணவர். ரோஸி அக்கா அவருடைய ஒரே அக்கா. பின் சீட்டில், காய்கறிப் பைகளுக்கு நடுவில் இன்னொரு பையாக உட்கார்ந்திருந்தது... வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களோடு அரட்டை அடிக்கும் ஜெயாவாகிய நான்தான்.

"ஏர்பேக் லைட்டுக்கா" என்றார் அருள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "வண்டி இடிச்சா ஒரு பலூன் வெளிய வந்து நம்மளத் தாங்கும்ல, அது. அதுல ஏதோ ஃபால்ட்."

"இடிக்காம ஓட்டு. முடிஞ்சுது."

சிக்னல் பச்சையானது. ரோஸி அக்காவைப் பொறுத்தவரை விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது.

அருளுக்கு முடியவில்லை. அவர் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் லீட். அதாவது, மற்றவர்கள் செய்ததில் தப்புக் கண்டுபிடிப்பது உத்தியோகம். அங்கே அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். வீட்டில் இலவசமாகவே செய்கிறார்.

அன்று சாயங்காலமே செல்போனும் கையுமாக உட்கார்ந்து ஏர்பேக் சாஸ்திரம் முழுவதையும் படித்து முடித்தார். முகம் இருண்டது. "ஜெயா, இது உயிர் விஷயம். இந்த லைட் எரிஞ்சா, ஆக்சிடென்ட் ஆகும்போது பலூன் விரியாமயே போகலாம். சரி பண்ற வரைக்கும் முன் சீட்டுல யாரும் உக்காரக் கூடாது."

முன் சீட்டில் யாரும் உட்காரக் கூடாது! எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார், பாருங்கள்.

எங்கள் காரின் முன் இடது சீட் ரோஸி அக்காவுடையது. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஷோரூமிலிருந்து கார் வந்த அன்று அதில் ஏறி உட்கார்ந்தார். அதோடு பட்டா ஆகிவிட்டது. "முட்டி மடக்க முடியலடா" என்பார். ஏறியதும் சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளிக்கொள்வார். அவருக்குப் பின்னால் உட்காருகிறவருக்கு முட்டியை மடக்குவதைத் தவிர வேறு வழி கிடையாது. அந்த இடம் எனக்கு. அக்கா இல்லாமல் நாங்கள் இரண்டு பேரும் காரில் எங்கேயும் கிளம்புவதும் இல்லை.

வருத்தமே இல்லை என்று சொன்னால் நம்புவீர்களா? கணவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு ஊர் பார்த்தபடி போகும் பெண்களை சிக்னலில் பார்ப்பேன். பார்த்துவிட்டு, மடியில் இருக்கும் முருங்கைக்காயை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். அவ்வளவுதான்.

ரோஸி அக்கா லிங்கராஜபுரத்தில் எங்களுக்கு அடுத்த தெருவில் தனியாக இருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ரிடையர் ஆனவர். ட்ரங்க் கால் புக் பண்ணிவிட்டு ஜனங்கள் தவம் கிடந்த காலத்து மனுஷி. "ஹலோன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். யாரு, எந்த ஊரு, நல்ல சேதியா கெட்ட சேதியா, சொல்லிடுவேன்" என்பது அவருடைய பெருமை. எங்கள் குடும்பத்தில் கடைசி வார்த்தை எப்போதும் அவருடையது.

அப்படிப்பட்டவரிடம் போய் அருள் சொன்னார். "அக்கா, கார் சரியாகுற வரைக்கும் நீ பின்னாடி உக்காரு."

"ஏன்?"

"முன்னாடி ரிஸ்க். ஏர்பேக் வேலை செய்யாம போகலாம்."

"நீ முன்னாடிதானே உக்காருவ?"

"நான் ஓட்டணுமேக்கா!"

"உன் பக்கம் பலூன் வருமா?"

"லைட் எரிஞ்சா மொத்தமா எதுவுமே வராம போகலாம். என் பக்கமும்தான்."

அக்காவின் முகம் தெளிந்தது. "அப்ப எல்லாருக்கும் ஒண்ணுதானே? நான் முன்னாடியே உக்காந்துக்கறேன்."

சமத்துவம் என்றால் இதுதான். பாதுகாப்பு இல்லாவிட்டால் யாருக்கும் இல்லாமல் இருக்க வேண்டும்!

இந்தப் பேச்சுக்கு ஒரு அவசரம் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கவயலில் அருளின் சித்தப்பா மகன் வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானம். ஞானத்தாய் ரோஸி அக்கா. ஆறு மாதமாகவே அந்தக் குழந்தை அக்காவின் பேச்சில் வளர்ந்துகொண்டிருந்தது. வாடகைக் காரில் போகலாமே என்றேன். "சொந்தக் கார வீட்டுல வெச்சிக்கினு டாக்ஸில போயி இறங்குனா, என்னாச்சு, காரு வித்துட்டீங்களான்னு கேப்பாங்க" என்றார் அக்கா. ஆக, ஞாயிற்றுக்கிழமைக்குள் சிவப்பு மனிதன் இறங்கியாக வேண்டும்.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு போன் செய்தோம். அடுத்த வாரம்தான் வண்டியை விட முடியும் என்றார்கள்.

சரி, தெருமுனையில் கராஜ் வைத்திருக்கும் ஷஃபி பாய். அவர் காருக்குள் எட்டிப் பார்த்தார். லேசாகச் சிரித்தார்.

"அரே சார், இது ஒரு விஷயமா? மீட்டரக் கழட்டி, அந்த லைட்டு மேல சின்னதா ஒரு கறுப்பு டேப்பு. பஸ், அவ்ளோதான். ஆள் காணாம போயிடுவான்."

"லைட் காணாம போகும் பாய். ஃபால்ட்?"

"ஃபால்ட்டு உள்ள இருக்கும் சார். அது யாருக்குத் தெரியப்போவுது?"

யோசித்துப் பார்த்தால், நாட்டில் பல பெரிய பிரச்சினைகளை இப்படித்தான் தீர்த்து வைத்திருக்கிறோம், இல்லையா?

அருள் இதற்கெல்லாம் மசிகிறவரா? "கார்லயே ஒரு கம்ப்யூட்டர் இருக்கு ஜெயா. என்ன ஃபால்ட்டுன்னு அது ஒரு எரர் கோடு, ஒரு நம்பர் மாதிரி, எழுதி வெச்சிருக்கும். அதைப் படிச்சா போதும்" என்றார். ஆன்லைனில் ஆர்டர் போட்டார். மறுநாளே கட்டைவிரல் அளவுக்கு ஒரு டப்பா வந்தது. அதை ஸ்டியரிங்குக்கு அடியில் எங்கேயோ சொருக வேண்டுமாம். அந்த எங்கேயோவைக் கண்டுபிடிப்பதற்காக, அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தலையை பெடலுக்கு நடுவிலும் காலைக் கதவுக்கு வெளியிலும் வைத்துப் படுத்துக் கிடந்தார். வாட்ச்மேன் ஓடி வந்து, "சார்கெ ஏனாய்த்து மேடம்?" என்று பதறினார். அவருக்கு என்ன ஆயிற்று என்று நானும்தான் பல வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்...

ஒரு வழியாகச் சொருகினார். செல்போனில் பச்சையாக ஒரு டிக் மார்க் வந்தது. "நோ ஃபால்ட்! உங்கள் வாகனம் ஆரோக்கியமாக உள்ளது! வாழ்த்துகள்!"

வாழ்த்துகள். டாஷ்போர்டில் சிவப்பு மனிதன் பூசணிக்காயோடு அப்படியே உட்கார்ந்திருக்கிறான்.

பிறகுதான் தெரிந்தது. அந்த டப்பா இன்ஜினை மட்டும்தான் விசாரிக்குமாம். "இன்ஜின் சௌக்கியமா?" என்று கேட்டது, இன்ஜின் "சௌக்கியம்" என்றது. ஏர்பேக்குக்குத் தனி கம்ப்யூட்டர். அதனோடு பேச இந்த டப்பாவுக்கு பாஷை தெரியாது. ரேஷன் கடையில் போய் பாஸ்போர்ட் என்ன ஆயிற்று என்று கேட்ட கதை.

ஏர்பேக் பாஷை தெரிந்த பெரிய மெஷின், அருளின் டீமில் வேலை செய்யும் மஞ்சுநாத்திடம் இருந்தது. கார்ப் பைத்தியம். வெள்ளிக்கிழமை அதை ஒரு கறுப்புப் பெட்டியில் வைத்து, அருள் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஆபீஸ் பஸ்ஸில் மடியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். இப்போது ஹாஸ்டலில் படிக்கும் எங்கள் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் தூக்கி வந்ததற்கு அப்புறம், வேறெதையும் அவர் அவ்வளவு பத்திரமாகத் தூக்கி நான் பார்த்ததில்லை.

வந்ததும் பார்க்கிங்கில் இறங்கி வயரை மாட்டினார். நான் பக்கத்தில் நின்றேன். மெஷின் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு திரையில் ஒரு எழுத்து, அதற்குப் பின்னால் நான்கு எண்கள், அதற்குக் கீழே ஒரு வரி.

"வந்துடுச்சு! பேசஞ்சர் பக்கம்... ரெசிஸ்டன்ஸ் ஹை!" அருள் கிட்டத்தட்டக் கத்தினார்.

"இன்னாது?"

திரும்பிப் பார்த்தோம். மீன் குழம்புத் தூக்கோடு ரோஸி அக்கா.

"பேசஞ்சர் பக்கம் ரெசிஸ்டன்ஸ் அதிகமா இருக்காம்க்கா. உன் சீட்டுப் பக்கம். எதிர்ப்பு ஜாஸ்தி."

"யாரு சொன்னா?"

"மெஷின்."

அக்கா மெஷினைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மெஷினா... ஜெயாவா?"

"ஐயோ, சத்தியமா மெஷின்தான்க்கா!" என்றேன். இத்தனை வருஷமாக நான் வாய் திறந்து சொல்லாததை ஒரு மெஷின் வந்த முதல் நாளே சொல்லிவிட்டதே என்று உள்ளுக்குள் ஒரு சின்னக் குதூகலம். மறைக்க மாட்டேன்.

அருள் விளக்கினார். முன் சீட்டின் பக்கவாட்டிலேயே ஒரு சின்ன ஏர்பேக் இருக்கிறதாம். அதற்குப் போகும் வயரில் எங்கேயோ இணைப்பு சரியில்லை. கரண்ட் தடுமாறுகிறது. அதைத்தான் ரெசிஸ்டன்ஸ் என்கிறது. சொல்லிவிட்டு "க்ளியர்" என்ற பட்டனை அழுத்தினார். சிவப்பு மனிதன் மறைந்தான்.

"அவ்ளோதானா? இதுக்கா இத்தினி கலாட்டா?" அக்கா மீன் குழம்பை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அழித்தால் சரியாகிவிடுமா? அழித்தது கோடைத்தானே, கோளாறை இல்லையே. வீட்டில் சண்டை போட்டுவிட்டு, "சரி விடு, மறந்துடு" என்று சொல்லிக்கொள்கிறோமே... மறுநாள் காப்பியில் சர்க்கரை குறைந்ததும் அது முழுசாகத் திரும்பி வருவதில்லையா?

சனிக்கிழமை காலை. குழந்தைக்கு வெள்ளை கவுன் வாங்க மூன்று பேரும் கிளம்பினோம். அக்கா முன் சீட்டில் ஏறினார். வழக்கம் போல சீட்டைப் பின்னால் தள்ளினார். என் முட்டி வழக்கம் போல மடங்கியது. அருள் வண்டியை ஸ்டார்ட் செய்தார்.

சிவப்பு மனிதன்!

மனிதர்களில் சாதாரணமானவர்கள் இதற்கு வருத்தப்படுவார்கள். டெஸ்டிங்காரர்களுக்கு இது திருவிழா. மறைந்திருந்து வருகிற பக், அதாவது பிழை, கண்ணெதிரே திரும்ப வந்துவிட்டால் அவர்களுக்கு அப்படி ஒரு ஆனந்தம்.

"அக்கா இறங்கு!" என்றார். அக்கா இறங்கினார். சீட்டைப் பழைய இடத்துக்குத் தள்ளி, மெஷினை மாட்டி, கோடை அழித்தார். லைட் போனது. "அக்கா ஏறு!" அக்கா ஏறினார். சீட் பின்னால் போனது. லைட் வந்தது. "இறங்கு!" போனது. "ஏறு!" வந்தது.

"பாத்தியா ஜெயா! அக்கா உக்காந்தா வருது! அக்கா இறங்கினா போகுது! நூறு பர்சன்ட் ரீப்ரொட்யூஸ் ஆகுது! அக்காதான் காரணம்!"

பார்க்கிங்கில் வாட்ச்மேன் இருந்தார். முதல் மாடிப் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாவும் இருந்தார். எல்லோரும் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

ரோஸி அக்கா மெதுவாக இறங்கினார். கதவை அடித்துச் சாத்தியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பதமாகச் சாத்தினார்.

"நாளைக்கு நான் வரல. வேற ஞானத்தாய் பாத்துக்கச் சொல்லு."

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டைத் தாண்டி நடந்துவிட்டார்.

"நான் என்ன சொன்னேன்? லாஜிக்தானே சொன்னேன்?" என்றார் அருள். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். அதுதான் அவரிடம் இருக்கும் பெரிய கஷ்டம்.

மத்தியானம் நானே அக்கா வீட்டுக்குப் போனேன். பெல் அடித்தேன். பதில் இல்லை. கிரில் கேட் தாழ் போடாமல் இருந்தது. உள்ளே போனேன். சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார்.

"அக்கா."

திரும்பவில்லை. கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். "அக்கா, அவர் சொன்னதை மனசுல வெச்சிக்காதீங்க..." ஒரு அசைவு இல்லை. எனக்கும் கொஞ்சம் சுருக்கென்றது. இவ்வளவு தூரம் வந்து கெஞ்சுகிறேன், ஒரு தலையாட்டல் கூடக் கிடையாதா? பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டேன்.

தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. கையிலிருந்த தட்டு கீழே விழுந்து கறிவேப்பிலை தரையெல்லாம் சிதறியது.

"யம்மா! எப்ப வந்த?"

"பெல் அடிச்சேன்க்கா. கூப்பிட்டேன். பேசிக்கிட்டே இருந்தேனே..."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். என் கண்ணை இல்லை, உதட்டை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு பேரும் குனிந்து கறிவேப்பிலை பொறுக்க ஆரம்பித்தோம். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இடது காது சுத்தமா போயிடுச்சு ஜெயா. ஹெட்செட் மாட்டுன காது. வலது காது பரவால்ல. அதுவும் கொஞ்சம் கொஞ்சமா..."

"ஏன்க்கா சொல்லல?"

"என்னான்னு சொல்றது? ஹலோன்னா போதும், ஆள் யாருன்னு சொல்லிடுவேன்னு இத்தினி வருஷம் பீத்திக்கினேன். இப்ப நீ பின்னாடி நின்னு கூப்பிட்டாலே தெரியல."

பொறுக்கியதை நான் தட்டில் போட்டேன். அக்காவே தொடர்ந்தார்.

"கார்ல பின்னாடி உக்காந்தா வண்டி சத்தத்துல ஒண்ணுமே விளங்காது. நீங்க ரெண்டு பேரும் ஏதோ பேசுவீங்க, சிரிப்பீங்க. நானும் சிரிக்கணும். எதுக்குன்னு தெரியாம எத்தினி தடவ சிரிக்கறது, சொல்லு? முன்னாடி உக்காந்தா வலது காது அவன் பக்கம் வருது. பாதி கேக்கும். மீதிய வாயப் பாத்து ஒப்பேத்திக்குவேன்."

"அப்ப முட்டி வலி?"

"முட்டிக்கு என்னா? முட்டி நல்லாதான் இருக்குது."

"அப்புறம் எதுக்குக்கா சீட்டை அவ்வளவு பின்னாடி தள்றீங்க?"

"பின்னாடி தள்ளுனாதான் நீ கிட்ட வருவ. கொஞ்சம் திரும்புனா உன் வாயும் தெரியும். நீ பேசறதும் கேக்கணும்ல?"

இத்தனை வருஷமாக என் முட்டியை இடித்துக்கொண்டிருந்த அந்த சீட், நான் பேசுவதைக் கேட்பதற்காகப் பின்னால் வந்திருக்கிறது. அதன் முதுகை முறைத்துக்கொண்டே நான் எத்தனை ஊர் போய் வந்திருக்கிறேன்! தரையில் இன்னும் கறிவேப்பிலை கிடந்தது நல்லதாகப் போயிற்று. குனிந்துகொள்ள ஒரு காரணம் இருந்தது.

"அருள் கிட்ட சொல்லிடாத" என்றார் அக்கா.

"அவர் சிரிக்க மாட்டார்க்கா."

"சிரிக்க மாட்டான்னு தெரியும். ஆராய்ச்சி பண்ணுவான். அதான் பயம்."

வீட்டுக்குத் திரும்பினேன். சொல்லவில்லை. ஆனால் அதற்குள் அருளே வேறு ஒரு ஆளாக நின்றுகொண்டிருந்தார்.

"ஜெயா, அக்கா இல்லாம டெஸ்ட் பண்ணிப் பாத்தேன். காலி சீட். நானே பின்னாடி தள்ளினேன். லைட் வருது. அக்கா காரணமே இல்ல. சீட் நகர்றதுதான் காரணம்." சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தார். "காலைல கொஞ்சம் ஜாஸ்தியா பேசிட்டேன்ல?"

டெஸ்ட் பண்ணாமல் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை அவர். ரிசல்ட் வந்துவிட்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்க மாட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குப் போய்க் கையோடு கூட்டி வந்துவிட்டார்.

சாயங்கால வெயிலில் பார்க்கிங்கில் ஆபரேஷன் தொடங்கியது. ஏர்பேக் வயர் விளையாட்டு இல்லை, அதில் கை வைப்பதற்கு முன்னால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும் என்றார். காத்திருந்தோம். (நீங்கள் யாரும் இதைப் படித்துவிட்டு சீட்டுக்கு அடியில் கையை விடாதீர்கள். சர்வீஸ் சென்டர் என்று ஒன்று இருக்கிறது. உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானமும் இருக்காது.)

பிறகு இடது பக்கக் கதவைத் திறந்து, தரையில் படுத்து, டார்ச் அடித்து, சீட்டுக்கு அடியில் பார்த்தார். மஞ்சள் நிறத்தில் ஒரு ப்ளக். அதிலிருந்து போகும் மஞ்சள் வயர். அந்த வயரில் மாட்டிக்கொண்டு ஒரு கொக்கி.

கொக்கி எங்கிருந்து வந்தது? சீட் கவரிலிருந்து. சீட் கவர் எங்கிருந்து வந்தது? தீபாவளி ஆஃபரிலிருந்து. மாட்டியது யார்? ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வியர்க்க விறுவிறுக்க, "ஆள் வெச்சி மாட்ட வேண்டிய அவசியமே இல்ல ஜெயா" என்று சொல்லிச் சொல்லி மாட்டியவர்... தரையில் படுத்திருந்தார்.

சீட் பின்னால் போகும்போதெல்லாம் கொக்கி வயரை இழுக்கிறது. வயர் ப்ளக்கை ஆட்டுகிறது. கார் மேனுவலைப் புரட்டினால் அதில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது: பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சீட்டுக்குக் கவர் மாட்டாதீர்கள். கவர் பலூனையே தடுத்துவிடுமாம். மிக்ஸிக்கு வரும் மேனுவலைக்கூட வரி விடாமல் படிக்கிறவர், இந்தப் பக்கத்தை மட்டும் விட்டிருக்கிறார்.

"அக்கா, சீட் கவர் கொக்கிதான்..." என்றார் படுத்த வாக்கிலேயே. அக்கா கதவோரமாக நின்றிருந்தார், இடது காது அருள் பக்கம் இருக்கும்படி. பதில் இல்லை.

"அக்கா, உன்னைத்தான். கேக்குதா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். என் முகத்திலிருந்தே, யாரோ தன்னைக் கூப்பிட்டார்கள் என்று தெரிந்துகொண்டுவிட்டார். குனிந்து தம்பியைப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார்.

"அருளு. இந்தப் பக்கம் வந்து பேசு. அந்தக் காது எனக்குக் கேக்காது."

ஆராய்ச்சி ஆரம்பிக்கப் போகிறது என்று நான் பயந்தேன். எப்போதிலிருந்து, எத்தனை பர்சன்ட், எந்தச் சத்தம் என்று...

அருள் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்தார். முட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். அக்காவைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து நின்றார். பிறகு முதலிலிருந்து சொன்னார்.

"சீட் கவர் கொக்கி வயர்ல மாட்டிக்கிட்டு இருக்குக்கா. நான்தான் மாட்டினேன். உன்னால இல்ல."

"அந்த கவர் எனக்கு ஆரம்பத்துலயே புடிக்கல" என்றார் அக்கா. "உக்காந்தா வழுக்கும்."

அருள் கவரை உரித்து எறிந்தார். ப்ளக்கைச் சரியாக அழுத்தினார். பேட்டரியை மாட்டி, கோடை அழித்தார். இந்தத் தடவை அழித்ததில் அர்த்தம் இருந்தது. "அக்கா, ஏறு. சீட்டைத் தள்ளு" என்றார். அக்கா கடைசி வரைக்கும் தள்ளினார். முன்னால் இழுத்தார். மறுபடி தள்ளினார். சிவப்பு மனிதன் வரவில்லை. பால்கனி அம்மா மேலிருந்து கைதட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை தங்கவயலில், பாதிரியார் ஞானப்பெற்றோரிடம் கேள்வி கேட்கும்போது, ரோஸி அக்கா வலது காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் "ஆம், விசுவசிக்கிறேன்" என்று கணீரென்று சொன்னார். தலையில் தண்ணீர் விழுந்ததும் குழந்தை வீறிட்டது. அது அக்காவுக்கு இரண்டு காதிலும் கேட்டிருக்கும். அப்படி ஒரு குரல். அடுத்த வாரம் சர்வீஸ் சென்டரில் விட்டு, ஏர்பேக்கை முழுசாகப் பரிசோதித்து வாங்கினோம். அதற்கும் அடுத்த வாரம், அக்காவைக் காது டாக்டரிடம் கூட்டிப் போனார் அருள். ஒருவழியாக ஆராய்ச்சி செய்ய அவருக்கு ஒரு இடம் கிடைத்தது. டாக்டர்தான் பாவம்.

இப்போது அக்காவின் காதுக்குப் பின்னால் அவரைக்காய் விதை அளவுக்கு ஒரு மெஷின் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஹொஸ்கோட்டே பக்கம் ஒரு கல்யாணம். கார் கிட்டே வந்ததும் அக்கா பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். "எங்க உக்காந்தாலும் கேக்குது இப்ப. நீ முன்னாடி போ."

முதல் தடவையாக அருள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜன்னலில் கையை வைத்துக்கொண்டேன். டின் ஃபேக்டரி தாண்டுவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அருளு, பின் சக்கரத்துப் பக்கம் டக்கு டக்குன்னு ஏதோ ஆடுது பாரு."

"எனக்கு ஒண்ணும் கேக்கலியேக்கா."

"தெனமும் இந்த வண்டிய ஓட்டறவன் நீ. உனக்குக் கேக்கலன்னா, அந்த டாக்டர் கிட்ட உன் காதையும் ஒரு தடவ காட்டுடா."

கல்யாணமான முதல் வருஷத்திலிருந்து நானும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்... யார் காதில் விழுந்தது?